முனீஸ்வரனுக்கு ஒரு கல் வாய்

முனீஸ்வரன் சிலைக்கு வாயில் ஓட்டை போட வேண்டும் என்று ஜோதிலட்சுமி சொன்னதும், மாமல்லபுரத்துச் சிற்பி ராகவன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டார். மீசையை இன்னும் பெரிதாக வை, கண்ணை நன்றாக உருட்டி வை, அரிவாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவை என்று கேட்டு வருகிறவர்கள் அவருக்குப் பழக்கம். சாமியின் வாயைத் துளைக்கச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை.

"இன்னாத்துக்குமா ஓட்டை?"

"சுருட்டு வெக்க."

"சுருட்டா?"

"எங்க ஊரு முனி சுருட்டு குடிக்கும் அண்ணாத்த. இத்தினி வருசமா எங்க வூட்டுக்காரரு வாயால குடிச்சிகினு கீது. இனிமே அதும் வாயாலயே குடிக்கட்டும்."

ராகவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. புதுப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள், பட்டறையில் பறக்கும் கல்தூசுக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு சுருட்டை எடுத்து நீட்டினாள். அளவுக்காம். ராகவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருட்டை வாங்கிப் பாதி செதுக்கிய மீசைக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

"ஒரு விரக்கடை ஆழம் போதுமா?"

"கீழ வுழாம நின்னா போதும்," என்றாள் ஜோதிலட்சுமி.

பிசகு அந்த ஒரு வார்த்தையில்தான் நடந்தது. ஆனால் அன்றைக்கு அவள் இருந்த உற்சாகத்தில் பிசகைப் பற்றி யார் நினைத்தார்கள்? திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள்.

அவளுடைய புருஷன் சரவணகுமார் கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டுகிறவன். நல்ல மனிதன், குடி கிடையாது, வீட்டில் குரல் உயர்த்த மாட்டான். சொந்த ஊர் படாளத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய கிராமம். அங்கே வேப்பமரத்தடி முனீஸ்வரனுக்கு அவன் அப்பா சாமியாடினார். அவருக்குப் பிறகு அவன். ஆடி மாதத் திருவிழாவில் பம்பை முழங்கினால் முனி அவன் மேல் இறங்கும். இறங்கியதும் சுருட்டு கேட்கும். பற்றவைத்த சுருட்டை அவன் வாயில் வைத்தால் புகை விட்டுக்கொண்டே ஊருக்கு வாக்குச் சொல்லும். மிச்சத் துண்டு பிரசாதமாக ஆண்பிள்ளைகளிடையே கை மாறும். அந்த ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேருடைய முதல் இழுப்பு அந்த மரத்தடியில் நடந்ததுதான். சாமி கொடுத்ததை யார் தப்பென்று சொல்வது? சரவணகுமாரும் மீசை முளைக்கும் முன்பே அங்கே ஒரு இழுப்பு இழுத்தவன். அதன் பிறகு அவனை சிகரெட் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு.

தை மாதம் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. காரம் பட்டால் எரிந்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார், சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஜோதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போய் முனீஸ்வரன் முன்னால் நின்றாள். ஒரு நட்ட கல்லும் சூலமும்தான் அங்கே சாமி. என் புருஷனைக் காப்பாற்று, உனக்கு முகமும் உருவமுமாக ஒரு சிலை செய்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. டாக்டரம்மா ஆனால் சிரிக்கவில்லை.

"இப்போதைக்குப் புற்று இல்லை. இப்படியே விட்டால் நாளைக்கு ஆகாது என்று நான் சொல்ல முடியாது. பீடி, சிகரெட், சுருட்டு, மெல்லுகிற பாக்கெட், எந்த ரூபத்திலும் புகையிலை கூடாது. ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தாலும் பழைய பழக்கம் மொத்தமாக வந்து உட்கார்ந்துவிடும்."

அது ஜோதிலட்சுமிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. முன்பும் அவன் விட்டிருக்கிறான். பொங்கலுக்கு விடுவான், சித்திரை, வைகாசி எல்லாம் சுத்தமாக இருப்பான், ஆடித் திருவிழாவில் சாமி ஒரு சுருட்டுக் குடிக்கும், மறுநாள் காலை பஸ் ஷெட்டில் இவன் கையில் சிகரெட் இருக்கும். சாமி மலையேறிவிடும். ஆசை மட்டும் இவனிடமே தங்கிவிடும்.

இந்தமுறை கிராம்பைக் கடித்துக்கொண்டு, ஏலக்காயை மென்றுகொண்டு, ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தான். படலம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவளும் தினம் டார்ச் அடித்துப் பார்த்தாள். அதற்குள் ஆடி நெருங்கிவிட்டது.

"இந்த வருசம் நீ ஆட வேணாம்," என்றாள்.

"ஆடாம? ஊரு காறித் துப்பும். எங்க நைனா ஆடுனது."

"அப்ப ஆடு. சுருட்டு மட்டும் குடிக்காதே."

"நானா குடிக்கறேன்? சாமி குடிக்குது. எனக்கு இன்னா ஒட்டும்?"

"சாமி குடிச்சதுன்னா சாமிக்குத் தானே வாய்ல வெள்ள வந்திருக்கணும். உனக்கு ஏன் வந்துச்சி?"

பதில் இல்லாத ஆண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

அந்த நிமிஷம்தான் ஜோதிலட்சுமிக்கு அந்த யோசனை உதித்தது. முனி சுருட்டுக் கேட்பதை நிறுத்த அவளால் ஆகாது. ஆனால் மாமல்லபுரத்தில் செதுக்கக் கொடுத்திருக்கிற முனிக்குச் சொந்தமாக ஒரு வாய் இருந்தால்?

வேண்டுதல் என்று சொன்னதால் ஊரில் யாரும் குறுக்கே பேசவில்லை. கோயில் தர்மகர்த்தா திருவேங்கடம், சரவணகுமாருக்குப் பெரியப்பா முறை. முனிக்கு உருவம் வருகிறது என்றதும் அவரே முன்னின்று பீடம் கட்டினார். ஓட்டை விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷனிடம்கூட.

ஆடி ஞாயிறு காலை, குட்டியானை சரக்கு வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் படுத்துக்கொண்டு முனீஸ்வரன் மாமல்லபுரத்திலிருந்து புறப்பட்டார். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, பிறகு ஜி.எஸ்.டி. ரோடு. வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் ஜோதிலட்சுமியும் சரவணகுமாரும். செங்கல்பட்டு சிக்னலில் நின்ற கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார்கள். படாளம் கூட்ரோட்டில் பம்பைக்காரர்கள் எதிர்கொண்டு நின்றார்கள். வெடி வெடித்தார்கள். ராகவன் கூடவே வந்து, சிலையைப் பீடத்தில் ஏற்றி, உளியால் கண் திறந்துவைத்தார். மூக்குக்குக் கீழே மீசை தவிர எல்லாவற்றையும் ஜோதிலட்சுமி தன் கையால் சந்தனத்தைக் குழைத்து அப்பி மூடினாள். ராகவன் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

"இன்னா ஜோதி, முனி மூஞ்சில இம்மாம் சந்தனம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள் வேண்டா. சரவணகுமாருக்கு மூத்தவள், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் கன்னத்தில் எந்நேரமும் ஒரு புகையிலை உருண்டை அடங்கியிருக்கும். பேச்சு அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரும்.

"உஷ்ணமான சாமி அண்ணி. வெயில் வேற."

"அதுவும் சரிதான்," என்று சொல்லி ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

உச்சி வெயில். கூழ்ப் பானைகள் வரிசையாக வந்து இறங்கின. பொங்கல் பொங்கியது. பம்பையும் உடுக்கையும் சேர்ந்தெடுத்த சத்தத்தில் வேப்பமரத்திலிருந்த காக்கைகள் ஒன்றுவிடாமல் ஏரிப்பக்கம் பறந்துபோயின. மஞ்சள் வேட்டியும் உடம்பெல்லாம் திருநீறுமாக சரவணகுமார் நடுவில் வந்து நின்றான். முதலில் பாதம் ஆடியது. பிறகு முழங்கால். பிறகு ஒரு உதறலில் ஆளே ஆடத் தொடங்கினான். பெண்கள் வேப்பிலையைத் தூக்கிக் காட்டினார்கள். வருஷாவருஷம் இந்த இடத்தில் ஜோதிலட்சுமிக்கு மயிர்க்கூச்செறியும். இன்றைக்கு அதோடு சேர்ந்து நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பம்பைச் சத்தம் வெளியிலிருந்து வருகிறதா உள்ளேயிருந்து வருகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

திருவேங்கடம் கற்பூரத்தில் சுருட்டைப் பற்றவைத்தார். ஊதிச் சிவக்கவைத்து, ஆடுகிறவனை நோக்கி நடந்தார்.

"மாமா, நில்லுங்க."

குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியவள் பீடத்தின் முன்னால் போய் நின்றாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, சாமியின் முகத்திலிருந்த சந்தனத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள். மீசைக்குக் கீழே வட்டமாக, சுத்தமாக, ஒரு துளை.

பம்பை நின்றுவிட்டது.

"சாமிக்கு இத்தினி நாளா வாய் இல்ல. அதான் ஒரு மனுசன் வாய எரவல் வாங்கிச்சி," என்றாள் ஜோதிலட்சுமி. மூச்சு வாங்கியது. "இப்ப சொந்த வாய் கீது. சொந்த வாய் கீறப்போ எரவல் இன்னாத்துக்கு? சுருட்ட அங்க வைங்க மாமா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருத்தி "முனீஸ்வரா" என்று குரல் கொடுத்தாள். பையன்கள் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது சாமிக்கு வாய் வேண்டாம் என்று தர்மகர்த்தா சொல்ல முடியுமா? திருவேங்கடம் தயங்கித் தயங்கிப் போய்ச் சுருட்டைத் துளையில் செருகினார். அளவெடுத்துச் செய்ததல்லவா, கச்சிதமாக நின்றது. முனியின் வாயிலிருந்து புகை சுருண்டு மேலே போனது. மீசையும் உருட்டிய கண்ணும் புகையுமாக சாமி அப்படியே உயிரோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. பம்பைக்காரன் வெறி பிடித்தவன் மாதிரி அடித்தான். ஜோதிலட்சுமிக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புகை மெலிந்தது. பிறகு நின்றுபோனது. சுருட்டு அணைந்துவிட்டது.

பம்பை தடுமாறியது. ஜோதிலட்சுமி ஓடிப்போய்த் தீப்பெட்டியை எடுத்து மறுபடி கொளுத்தினாள். இரண்டு குச்சி வீணாயிற்று. பிடித்துக்கொண்டது. புகைந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, மறுபடியும் அணைந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதற்காகவா மாமல்லபுரம் வரைக்கும் போனோம் என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சுருட்டு விளக்குத் திரி மாதிரி தானாக எரிகிற பொருள் இல்லை. யாராவது மூச்சை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். கல்லுக்கு மூச்சு ஏது? வாயைச் செய்துவிட்டாள், நெஞ்சுக்கு எங்கே போவாள்? இத்தனை வருஷமாக அவள் வீட்டில் எரிந்த ஒவ்வொன்றும் அப்படித்தான் எரிந்தது, அவள் புருஷனுடைய மூச்சைத் தின்று தின்று. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"முனி கோவிச்சிகிச்சி," என்றார் திருவேங்கடம். கூட்டத்தில் பலருக்கும் அதே எண்ணம்தான். "கல்லு வாய் அதுக்குப் புடிக்கல. மனுசன் வாய் தான் வேணும். நவுரு ஜோதி."

சுருட்டைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து, கற்பூரத்தில் காட்டி இழுத்தார். பாதி இழுப்பில் இருமல் பிடித்துக்கொண்டது. அது லேசில் நிற்கிற இருமல் இல்லை. குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க இருமினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கையை மட்டும் நீட்டிச் சுருட்டை சரவணகுமாரிடம் கொடுத்தார்.

அவன் வாங்கிக்கொண்டான். நுனி சிவந்திருந்தது. மூக்குக்கு நேராகப் புகை ஏறியது. அவன் மூக்கு விடைத்ததையும் தொண்டை ஏறி இறங்கியதையும் ஜோதிலட்சுமி பார்த்தாள். இன்னும் ஒரு விரல் இடைவெளிதான். அவள் அவன் எதிரே போய் நின்றாள். கும்பிட்டபடிதான் நின்றாள், ஆனால் கெஞ்சவில்லை.

"சாமி, இவரு வாய்ல வெள்ள வந்தப்போ நான் உன்கிட்ட தான் வந்து நின்னேன். நீ தான் காப்பாத்தினே. காப்பாத்துன வாய்லயே நீ கொள்ளி வெப்பியா? வெப்பேன்னா சொல்லு. இந்த ஊரு முன்னாடி சொல்லு. நான் போயிடறேன்."

அவன் ஆட்டம் நின்றது. கை அப்படியே நின்றது. பார்வை அவள் மேல் இருந்தது, பிறகு சிலையின் கல் வாய் மேல் போயிற்று. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது.

சுருட்டைத் திருப்பிப் பிடித்தான். சூலத்தின் அடியில் மண்ணில் வைத்து நசுக்கினான்.

"ரெண்டு தரம் அணச்சேன்," என்றது முனி, அடித்தொண்டையில். "இன்னும் புரியலியா உங்களுக்கு? எனக்கு வேணாம். கோவமும் இல்ல ஒன்னும் இல்ல. கூழ் ஊத்துறீங்க, பொங்க வெக்கறீங்க, அது போதும். என் பேரச் சொல்லி எவனும் இனிமே இந்த எல்லைல புகைய வாய்ல வெக்கக் கூடாது. பெருசும் கூடாது, சிறுசும் கூடாது."

திருவேங்கடம் இருமிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். வேறென்ன செய்வார்?

முனி அதோடு விடவில்லை. திரும்பி, பெண்கள் பக்கம் விரலை நீட்டியது.

"வேண்டா."

வேண்டா விக்கித்துப்போனாள்.

"வாய்ல இன்னா?"

"ஒன்... ஒன்னுமில்ல சாமி."

"துப்பு."

ஊரில் எவர் சொல்லியும் கேட்காதவள், சொந்தப் புருஷன் சொல்லியும் கேட்காதவள், மறுபேச்சுப் பேசாமல் வேலிப்பக்கம் போனாள். துப்பினாள். செம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தாள். ஒட்டிய கன்னத்தோடு திரும்பி வந்து நின்றவளைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பம்பை மறுபடி எடுத்தது பாருங்கள், அப்படி ஒரு அடி அந்த மரத்தடியில் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. ஜோதிலட்சுமியும் வெட்கத்தை விட்டு நாலு பெண்களோடு சேர்ந்து குதித்தாள்.

சாயங்காலம் புதுப்பட்டினம் திரும்பினார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்திருந்தாள். எல்லா வருஷமும் திரும்புகிறபோது அவன் சட்டையில் சுருட்டு நாற்றம் அடிக்கும். இன்றைக்குக் கற்பூரமும் வேப்பிலையும்தான் மணத்தன. வழியில் ஒரு ஏரிக்கரையில் அவன் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"ஜோதி, ஒன்னு சொன்னா திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"இந்த வருசம் சாமி வரல."

அவள் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தாள்.

"பம்பை அடிச்சான், ஆடுனேன். எப்பவும் ஒரு கட்டத்துல என்னை மீறிப் போவும், ஒன்னும் தெரியாது. இன்னிக்கி அப்டி ஆவவே இல்ல. சுருட்ட கைல வாங்கும்போது நான் தான் இருந்தேன். வாசன மூக்குல ஏறுச்சி பாரு, குடிச்சிருவேன்னு தான் நெனச்சேன். குடிச்சா யாரு கேக்கப் போறா, சாமி குடிச்சதுன்னு தானே சொல்லுவாங்க." அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ வந்து எதுர்ல நின்னே. உன் மூஞ்சியப் பாத்துகினு என்னால முடியல. வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். சாமி பேர்ல நான் பேசிட்டேன் ஜோதி. எவ்ளோ பெரிய பாவம். அக்காவக் கூட பேரச் சொல்லிக் கூப்ட்டுட்டேன்."

ஜோதிலட்சுமிக்கு முதலில் வேண்டாவின் ஒட்டிய கன்னம்தான் ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. சட்டை நனைவது அவனுக்குத் தெரிந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இத்தினி வருசமா சுருட்டு கேட்டு உன் மேல வந்தது இன்னான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கி வேணாம்னு சொல்லிச்சே, அது தான்யா சாமி. வண்டிய எடு. காலைல உனக்கு டூட்டி கீது."

அவன் வண்டியைக் கிளப்பினான்.